குண்டு என்ற சொல்லை நீ மொழிபெயர்த்த நாள்

இன்று காலை விடுதி வாசலில் டிரில் ஓடியது. கேட் தூணில் கேமரா மாட்ட வந்தவர் சுவரைத் துளைக்கத் துளைக்க, செங்கல் தூசி பறந்து என் மேசை வரைக்கும் வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "சத்தமே கேக்கலட்டி, செங்கப்பொடி வாடைதான் முதல்ல வந்துச்சு" என்று குண்டு வெடித்த அன்றைப் பற்றி நீ சொன்னது நினைவுக்கு வந்தது.

"கேட்டுக்கு ஒண்ணு, உள்ள ரூம் வாசல் நடைக்கு ரெண்டுன்னு சொல்லி அனுப்பினாங்களே அக்கா?" என்றார் அவர்.

"கேட்டுக்கு மட்டும் மாட்டுங்க. உள்ள ஒண்ணும் கிடையாது."

"ஆபீஸ்ல லிஸ்ட் போட்டுக் கொடுத்திருக்காங்க."

"லிஸ்ட் போட்டவங்க யாரும் இங்க குளிச்சிட்டுத் தலையில துண்டோட நடக்கப் போறதில்ல. வார்டன் மாட்ட விடலைன்னு போய்ச் சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒயரைச் சுருட்டினார். நீ இருந்திருந்தால் அப்போதே போன் போட்டுச் சொல்லியிருப்பேன். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் மூன்று வருடம் சங்கரன்கோவிலிலிருந்து ஒரே பேருந்தில் திருநெல்வேலிக்குப் போய் வந்தோம். பிறகு நான் சங்கரன்கோவிலிலேயே இருந்துவிட்டேன். நீ கல்யாணமாகி ஐரோப்பாவுக்குப் போனாய். அங்கே போய் நீ இரண்டு மொழிகளைப் புதிதாகப் படித்து, அடைக்கலம் கேட்டு வரும் தமிழர்களுக்காக அதிகாரிகள் முன்னால் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையில் சேர்ந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பேருந்தில் கண்டக்டர் யாரையாவது அதட்டினால், அவருக்காக எழுந்து நின்று பேசுகிறவள் நீதான்.

நீ இருந்த ஊரின் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த அன்று நீ இரண்டாவது நடைமேடையில் நின்றிருந்தாய். பதினோரு பேர் செத்துப் போனார்கள். உனக்கு இடது காது போய்விட்டது. ஒரு மாதம் கழித்து வீடியோவில் வந்தபோது தலையைச் சாய்த்து, "வலப்பக்கமாப் பேசுட்டி, இந்தப் பக்கம் கடையச் சாத்தியாச்சு" என்று சிரித்தாய். நான்தான் அழுதேன். காதை வைத்துப் பிழைக்கிறவளுக்குப் பாதிக் காது போய்விட்டதே என்று எனக்கு ஆறவில்லை.

குண்டு வைத்தவர்களில் ஒருவன் அடைக்கலம் கேட்டு வந்தவன் என்று தெரிந்ததும் அங்கே எல்லாம் மாறியது. புதிய சட்டம் வரப் போகிறது என்றாய். அடைக்கலம் கேட்டு யார் வந்தாலும் முதலில் போனைக் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் அத்தனையையும் நகல் எடுத்துப் பல வருடம் வைத்திருப்பார்கள். நீதிபதியைக் கேட்கத் தேவையில்லை. எந்திரம் ஒன்று எல்லாவற்றையும் படித்து, ஆபத்தான சொற்களை எடுத்துக் கொடுக்கும். ஒரு நாடு மட்டுமல்ல, நாடு நாடாக இதே பேச்சு என்றும் சொன்னாய்.

நான் அன்றைக்கு உன் பக்கம் நிற்கவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

"சரியாத்தான செய்யுதாங்க?" என்றேன். "உன் காதே போயிட்டு. ஒளிக்க ஒண்ணுமில்லாதவன் எதுக்குப் பயப்படணும்?"

நீ கோபப்படவில்லை. "சரி, உன் போனை எடு. கடைசியா எனக்கு அனுப்பினதை உங்க அத்தைகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டு" என்றாய்.

என் மாமியார் பக்கத்து அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உனக்குக் கடைசியாக நான் அனுப்பியது மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி. டாக்டரின் சீட்டையும் படமெடுத்து அனுப்பியிருந்தேன். என் வீட்டுக்காரருக்குக்கூட அப்போது சொல்லவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"நீ என்ன தப்பு பண்ணுன? ஒண்ணுமில்லலா? பின்ன ஏன் வாசிக்க மாட்டேங்கே?" என்றாய்.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று பிறகு தெரிந்தது.

சட்டம் வருவதற்கு முன்பே அந்த எந்திரத்தைச் சோதனைக்காக ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் உன்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், முப்பது வயது இருக்கும், பதினோரு நாளாகப் பூட்டிய அறையில் இருந்தார். அவருடைய போனில் ஒரே சொல் எழுபது தடவைக்கு மேல் வந்திருக்கிறது என்று அதிகாரி ஒரு தாளை உன் முன்னால் தள்ளினார். நீ வாசித்தாய். ஊரிலிருந்த அவர் மனைவி எழுதியவை. "குண்டு இன்டைக்கு முழுக்க அழுதது." "குண்டுக்குப் பல் முளைச்சிட்டுது." "குண்டு எப்ப உங்களிட்ட வாறது?"

அவர்களுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. கொழுகொழுவென்று இருந்ததால் குண்டு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எந்திரம் அதை வெடிகுண்டு என்று எழுதி வைத்திருந்தது. "குண்டு எப்போது வரும்" என்ற வரியின் கீழே யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

நீ அந்த அதிகாரியிடம் அந்தச் சொல்லை விளக்க நாற்பது நிமிடம் ஆனது என்றாய். அவர் சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினாராம். ஆனால் உறுதி செய்துகொள்ள எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லச் சொன்னாராம். கணவனும் மனைவியும் எழுதிக்கொண்டதையெல்லாம், அந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருக்க, நீ வேற்று மொழியில் சொல்லச் சொல்ல, அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு எனக்கு ரெண்டு காதும் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொன்னாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சட்டம் எழுதும் குழு, வெளியாட்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று ஒரு கூட்டம் வைத்தபோது நீ பேர் கொடுத்தாய். அதற்கு முன்னால், அதற்குள் வெளியே வந்துவிட்ட அந்த மனிதரைத் தேடிப் போய் அனுமதி கேட்டாய். "என்ர பேரைச் சொல்லாதேங்கோ அக்கா. மிச்சத்தைச் சொல்லுங்கோ" என்றாராம். அலுவலகத்தில் தெரிந்தால் உன்னை இனிக் கூப்பிட மாட்டார்கள் என்று உன் வீட்டுக்காரர் பயந்தார். நானும் பயந்தேன். பேசாமல் இரு என்று எழுதினேன். "இருக்க முடியல மக்கா" என்று மட்டும் பதில் வந்தது.

அந்தக் கூட்டத்தின் வீடியோவை நான் பலமுறை பார்த்துவிட்டேன். மொழி புரியாது, நீ எனக்குச் சொன்னதை வைத்துத்தான் பார்ப்பேன். குழுவில் ஒரு பெரியவர், நல்ல மனிதர் போலத்தான் தெரிகிறார், மைக்கைப் பக்கத்தில் இழுத்து உன்னிடம் கேட்கிறார்: "அம்மா, அந்தக் குண்டில் காதை இழந்தவர் நீங்கள். நீங்களே எதிர்த்தால் நாங்கள் யாருக்காக இந்தச் சட்டத்தைக் கொண்டுவருவது?"

நீ தண்ணீர் குடிக்கிறாய். பிறகு, வலது காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே சொல்கிறாய்: "என் காதைக் காட்டி அடுத்தவர் வீட்டைத் திறக்காதீர்கள். ஒருவர் மேல் சந்தேகம் இருந்தால் நீதிபதியிடம் போங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், அவருடைய போனை மட்டும் திறங்கள். நானே வந்து மொழிபெயர்க்கிறேன். எல்லாரையும் திறந்து பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது பாதுகாப்பு இல்லை. எட்டு மாதக் குழந்தைதான் கிடைக்கும். அந்த எந்திரம் அந்தக் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்த பதினோரு நாளில், நிஜமாகவே குண்டு வைத்திருந்தவனை யார் தேடியது?"

அந்தப் பெரியவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொள்கிறார்.

சட்டம் வந்தது. நீ கேட்டதில் பாதி இருந்தது. போனைத் திறக்க நீதிபதியின் அனுமதி வேண்டும். எந்திரம் சொன்னதை வைத்து மட்டும் யாரையும் பூட்டி வைக்கக் கூடாது, மொழி தெரிந்த மனிதர் பார்த்தாக வேண்டும். ஆனால் நகலைப் பல வருடம் வைத்துக்கொள்ளலாம் என்பது அப்படியே நின்றது. நான் உன்னை வாழ்த்தினேன். "பாதிக்கு எதுக்குட்டி வாழ்த்து? மிச்சப் பாதிக்கு இன்னும் கத்தணும்" என்றாய். அந்த அலுவலகம் அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிடவே இல்லை. ஏன் என்று யாரும் எழுதியும் தரவில்லை. ஒரு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு, மாலையில் அந்த மிச்சப் பாதிக்காக மனு எழுதிக்கொண்டிருந்தாய். பனி கொட்டிய ஒரு மார்கழிக் காலையில் மாரடைப்பு வந்தது. உன் மகள்தான் போன் செய்தாள். "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் வார்டனாக இருக்கும் இந்த விடுதியில் முப்பத்தெட்டு பெண்கள். மில்லுக்கும் ஜவுளிக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வாசுதேவநல்லூர், குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். போன மாதம் ஒரு மாலை, மாடியில் துணி எடுக்கப் போன பெண் அலறினாள். பின்சுவர் ஏறி ஒருவன் உள்ளே வந்திருந்தான். சத்தம் கேட்டதும் குதித்து ஓடிவிட்டான். மறுவாரம் திரும்பவும் வந்து ஜன்னலில் கல்லெறிந்துவிட்டுப் போனான். பயம் நிஜம். இரண்டு பெண்கள் ஊருக்கே போய்விட்டார்கள்.

விடுதியை நடத்தும் டிரஸ்டில் கூட்டம் போட்டார்கள். பின்சுவரை உயர்த்த வேண்டும், வாசலில் கேமரா வேண்டும் என்று நானே கேட்டேன். சரி என்றார்கள். பிறகு தலைவர், ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்று மதிக்கிறவர், ஒரு படிவத்தை நீட்டினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பெண்கள் போனைப் பூட்டுத் திறந்து கொடுக்க வேண்டும். மூன்று பேர் குழு பார்க்கும். உள்ளே நடையிலும் கேமரா.

"வந்தவன் இவளுகள்ல யாருக்கோ தெரிஞ்சவன்தான்," என்றார். "போனைப் பாத்தா அஞ்சு நிமிசத்துல ஆள் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சவனாவே இருக்கட்டும் அண்ணாச்சி. மீதி முப்பத்தஞ்சு பேர் போனை எதுக்குப் பாக்கணும்? யாரு பாப்பாங்க? பாத்ததை எங்கன வைப்பாங்க? வெளிய போய்ச் சொன்னா யாரைக் கேக்க?"

"நல்ல பிள்ளைங்களுக்கு என்னம்மா பயம்?"

நான் உன்னிடம் சொன்ன அதே பேச்சு, வேறொருவர் வாயிலிருந்து வந்தது.

"அப்படின்னா முதல்ல நாம நம்ம போனை இந்த மேசையில திறந்து வைப்போம் அண்ணாச்சி. நானும் வைக்கேன்."

அண்ணாச்சி மேசை மேலிருந்த தன் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதும் ஆனா நீங்கதான் பொறுப்பு" என்றார் கடைசியில்.

"ஆமா, நான்தான் பொறுப்பு" என்று படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே வந்தபோது பயமாகத்தான் இருந்தது. நீ மட்டும் பயப்படாமலா அந்த மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாய்?

விடுதிக்கு வந்து பெண்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். "உங்க போனை யாரும் வாங்க மாட்டாங்க. ஆனா யாருக்காவது அவனைப் பத்தித் தெரிஞ்சா எங்கிட்ட வாங்க. எவ்வளவு காட்டணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் காலை, எல்லாரும் இட்லிக்கு வரிசையில் நிற்கையில் கோமதி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள், இருபத்திரண்டு வயது.

"அவனை எனக்குத் தெரியும் அக்கா. முன்னால பேசிக்கிட்டு இருந்தோம். வேண்டாம்னு சொல்லிட்டேன். அதுல இருந்து மிரட்டுதான். சனிக்கிழமை போனை வாங்குவாங்கன்னு கேள்விப்பட்டதும் எல்லாத்தையும் அழிச்சிட்டு ஊருக்குப் போயிரலாம்னு இருந்தேன். பழசெல்லாம் அவங்க வாசிச்சா வீட்டுக்குச் சொல்லிருவாங்க. எங்க அப்பா என்னைக் கொன்னே போட்டுருவாரு."

போனை என் கையில் தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு, மிரட்டல்கள் இருந்த பக்கத்தை மட்டும் காட்டினாள். சுவர் ஏறிய அன்றைக்கு அவன் எழுதியதும் இருந்தது. நான் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இருவரும் ஆட்டோ பிடித்துக் காவல் நிலையம் போனோம். பெண் எஸ்.ஐ. அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். மறுநாளே அவனைப் பிடித்துவிட்டார்கள். போனைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்தச் சாட்சி அழிந்திருக்கும், கோமதியும் போயிருப்பாள், அவன் இன்னும் வெளியே சுற்றிக்கொண்டிருப்பான்.

இதை அப்படியே டிரஸ்டுக்கு எழுதினேன். நேற்று பதில் வந்தது. ஒழுங்கை ஏற்காத வார்டன் தொடர்வது குறித்து நாளைக் கூட்டத்தில் முடிவெடுக்கப்படும் என்று நான்கு வரி. நடைக் கேமராவுக்கு என்னைக் கேட்காமலே ஆளை அனுப்பியதும் அவர்கள்தான்.

நாளை பதினோரு மணிக்குப் போகிறேன். என்னை மாற்றினாலும் மாற்றட்டும். வருகிற வார்டனிடம் கொடுக்க, எங்கள் போனைத் தர மாட்டோம் என்று பெண்கள் தாங்களே ஒரு தாள் எழுதி, முப்பத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். கோமதியின் கையெழுத்து முதலில் இருக்கிறது.

உன்னைப் போல நிதானமாக, தண்ணீர் குடித்துவிட்டுப் பேச எனக்கு வராது. நடுவில் குரல் உயர்ந்துவிடும், யாரையாவது ஏதாவது சொல்லிவிடுவேன். உன் பொறுமையை நீ எனக்கு விட்டுப் போகவில்லை. பிடிவாதத்தை விட்டுப் போயிருக்கிறாய். நாளைக்கு அது போதும்.