விளக்கு வைக்கிற நேரத்து ஆராதனை

ஊசிக்கல் தோட்டம், கீழ்ப் பிரிவு,
நோர்வூட்.
11.3.1957

என் அன்பான அத்தானுக்கு,

ரூபவதி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் கோழிகளும் சுகம். உங்கள் சுகத்தை மட்டும் நீங்கள் எழுதுவதேயில்லை. போன கடிதத்தில் கண்டி மழை இருந்தது, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை இருந்தது, ஆஸ்பத்திரிச் சோறும் இருந்தது. இருமலில் இரத்தம் நின்றதா இல்லையா என்ற ஒன்றைத்தான் காணோம். நீங்கள் கோயில் உபதேசியாராயிற்றே, பொய் சொல்லக் கூடாது என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்களாக்கும்!

நேற்று ஹற்றனிலிருந்து போதகர் ஞானாபரணம் ஐயா வந்து ஆராதனை நடத்தினார். முன் வாங்கில் நான், பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா, கண் தெரியாத சவரியம்மாக் கிழவி. பின்னால் இரண்டொருவர். அவ்வளவுதான் நம் சபை. முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வருத்தமாத்தாம்மா இருக்கு. இத்தினிக் கூட்டத்துக்கு ஒரு கோயில வச்சிருக்க முடியாதுன்னு மேலிடத்துல பேசிக்கிறாங்க. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வருவேன். அப்பவும் வாங்கு காலியா கெடந்தா ஹற்றன் சபையோட சேத்துருவோம்" என்றார். கோயிலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உரமூட்டை வைக்க இடம் வேண்டும் என்று தோட்டத்துத் துரை கேட்டிருக்கிறாராம்.

ஹற்றனுக்கு இங்கிருந்து யார் போவார்? கைக்குழந்தைக்காரியா, சவரியம்மாக் கிழவியா? இங்கே இருக்கிற கோயிலுக்கே ஆள் வரவில்லை. தேயிலைக் கொழுந்து பொங்கத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்தெடுக்கக் கூப்பிடுகிறார்கள், அன்றைக்கு எடுத்ததற்கு அன்றைக்கே கையில் காசு. 'கைக்காசு' என்று கங்காணி வாசலில் சத்தம் போட்டால் யார்தான் பாட்டுப் புத்தகத்தைத் தூக்குவார்கள்?

நீங்கள் தோளில் கல் சுமந்து கட்டின சுவர் அது. அதற்குள் உரமூட்டையை அடுக்குவதா? என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள்,
ரூபவதி


கண்டி,
16.3.1957

பிரியமுள்ள ரூபவதிக்கு,

உன் கடிதத்தைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. இரத்தம் நின்றுவிட்டது. ஊசி நடக்கிறது. உரக்கப் பேசக் கூடாது என்கிறார் டாக்டர். ஆகவே என் சத்தத்தை நீ பேசு.

வீட்டுக்கு வீடு போய்க் கூப்பிடு. சனி இரவே ஞாபகப்படுத்து. ஓய்வுநாளை மீறி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பெயரை ஆராதனையில் எழுந்து நின்று வாசி. முகம் பார்க்காதே. புருஷனை இழந்த அழகம்மா நமக்கு வேண்டியவள் என்று அவள் பெயரை விழுங்கிவிடாதே. கண்டிப்பில்லாத சபை கரையேறாது. பெயர் போகிறது என்றால் வெட்கப்பட்டாவது வருவார்கள். ஈஸ்டருக்கு அதிக நாள் இல்லை, தாமதிக்காதே.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் வெறுங்காலோடு திரியாதே.

உன்,
வேதமாணிக்கம்


ஊசிக்கல் தோட்டம்,
1.4.1957

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். செய்து தொலைத்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

24ஆம் தேதி ஞாயிறு மழை, கைக்காசு வேலை இல்லை. அதனால் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு அப்படியே விட்டிருக்க வேண்டும். விடவில்லை, உங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து நின்று பெயர்களை வாசித்தேன். அழகம்மா பெயர் வந்ததும் அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "என் புருசன் செத்தப்ப இந்தக் கோயில்தான் என்னயத் தாங்குச்சுக்கா. அதுனால ஒரு வார்த்தையும் சொல்லாம போறேன். ஆனா ஆடி மழையில வேல இல்லாம கெடக்கையில எங்க அடுப்புல என்ன வேகுதுன்னு நீங்களும் உபதேசியாரும் வந்து பாத்தீங்களா?" என்றாள். ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு இவ்வளவையும் சொன்னாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

நேற்று ஆராதனைக்கு நானும் ஆயம்மாவும் சவரியம்மாவும். பாட்டை நான் எடுத்தேன், சேர்ந்து பாட ஆளில்லை. இருந்த கூட்டத்தையும் விரட்டிவிட்டேன் அத்தான். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். போதகர் ஐயா வருகிற நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். உங்கள்மேல் கோபமாகவும் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

ரூபவதி


கண்டி,
16.4.1957

ரூபவதிக்கு,

உன் போன கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். நேற்று நோர்வூட் கடை பக்கீர் நானா சாமான் எடுக்கக் கண்டிக்கு வந்தவர், என்னையும் எட்டிப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர், ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்தார். பேச்சோடு பேச்சாக, "உங்க வீட்டுக்காரம்மாவும் ஞாயித்துக்கெழம மலையில நிக்குறாங்களே, அம்புட்டுக் கஷ்டமா உபதேசியாரே?" என்று கேட்டார்.

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளாத குறை. உபதேசியார் மனைவி ஓய்வுநாளில் கொழுந்துக் கூடை கட்டுகிறாளா! ஊரெல்லாம் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியாது. இது உண்மையா, பொய்யா? உண்மையென்றால் ஏன்?

வேதமாணிக்கம்


ஊசிக்கல் தோட்டம்,
19.4.1957
பெரிய வெள்ளி

என் அத்தானுக்கு,

உண்மைதான். நீங்கள் படுத்துக்கொண்டு படபடப்பீர்கள் என்றுதான் எழுதவில்லை.

அழகம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அன்று ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். கதவைத் திறந்தவள் முகத்தில் கோபம் கூட இல்லை, அவசரம்தான் இருந்தது. "பேசுறதுக்கு எனக்கு நேரமில்லக்கா. பேசணும்னா கூடைய கட்டிக்கிட்டு வாங்க" என்றாள். கட்டிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு முன்னால் கொழுந்தெடுத்த கை, மறந்து போயிருந்தது. நான் கிள்ளிய முற்றின இலையைப் பார்த்துக் கங்காணி பழனியாண்டி, "உபதேசியாரம்மா, இது கொழுந்தா, மாட்டுக்குத் தழையா?" என்று கேட்டார். மலை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

தேத்தண்ணி நேரத்தில் ஒரு சங்கீதம் சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகத்தான் சொன்னேன். கேட்டு முடித்து அழகம்மா, "கொழுந்த எடை போட்டுட்டு வர்றோம், சாயந்தரம் கோயிலத் தெறந்து வைங்கக்கா" என்றாள். திறந்து வைத்தேன். வந்தார்கள் அத்தான். போன ஞாயிறு குருத்தோலைத் திருநாள், ஓலையும் பிடித்தோம். அந்திப் பொழுதில் குருத்தோலை எங்கேயாவது உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களுக்கு வேறு பொழுது இல்லை.

கைக்காசாக எனக்குக் கிடைத்ததில் அரிசி வாங்கி, சவரியம்மாக் கிழவிக்கும் பேறுகாலமான பிள்ளைக்கும் கஞ்சி வைத்தேன். இப்போது மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து கோயில் பானையில் போடுகிறார்கள். ஆடி மழையில் அடுப்பு அணைந்து கிடக்கிற வீட்டுக்கு அது போகும்.

கோபப்படாதீர்கள். கோபப்பட்டால் இருமல் வரும்.

உங்கள் ரூபவதி


கண்டி,
24.4.1957

ரூபவதிக்கு,

கஞ்சி வைத்தது நல்லது. மற்றதை என் மனது ஏற்கவில்லை. ஞாயிறு காலையை விட்டுக்கொடுத்தால் அப்புறம் எதை விடமாட்டோம்? நான் கட்டின சபையை நான் படுத்திருக்கிற நேரத்தில் மாற்றிவிட்டாய். மறைத்தும் விட்டாய்.

போதகர் ஐயா ஒன்றும் தெரியாமல் வந்து ஏமாறக் கூடாது. நடந்தது எல்லாவற்றையும் அவருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அவர் தீர்மானிக்கட்டும்.

வேதமாணிக்கம்


ஊசிக்கல் தோட்டம்,
29.4.1957

அத்தானுக்கு,

நேற்றுப் போதகர் ஐயா வந்தார். காலையிலேயே வந்தார். வாங்குகள் வழக்கம்போலக் காலி. அவர் சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து, "உபதேசியாரே எழுதியிருக்காரேம்மா, என்ன சொல்றீங்க?" என்றார். கட்டினவனே காட்டிக்கொடுத்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"அவர் எழுதுனது அத்தனையும் உண்மைங்கய்யா. விளக்கு வைக்கிற வரைக்கும் மட்டும் இருங்க" என்றேன். கடைசி பஸ் போய்விடும் என்று இழுத்தார். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன், இருந்துவிட்டார்.

பொழுது சாயச் சாய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வேறு. யாரும் வரமாட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்புறம் வந்தார்கள். எடை போடுகிற மடுவத்தில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டின நனைந்த படங்குச் சாக்கோடு நேராக வந்தார்கள். விறாந்தையில் கூடை வைக்க இடமில்லை. வாங்கு போதாமல் ஆம்பிளைகள் வெளியே தாழ்வாரத்தில் நின்றார்கள். ஜெபத்துக்கு அழகம்மாவைக் கூப்பிட்டார் ஐயா. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆண்டவரே, எங்க உபதேசியார் எங்கமேல கோவமா இருந்தாலும் பரவாயில்ல, அவரு நெஞ்ச சொகமாக்கித் திருப்பி அனுப்பும்" என்றாள். எனக்கு அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன்.

கோயிலை மூடவில்லை அத்தான். ஞாயிறு அந்தி ஆராதனைக்கே ஐயா அனுமதி கொடுத்துவிட்டார்.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படியுங்கள். போகும்போது ஐயா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இவ்வளவு பேருக்கு முன்னால சத்தமாப் பேச ஆள் வேணும்மா. வருசம் ரெண்டுக்கு உங்க வீட்டுக்காரர் சத்தமாப் பேசக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஜூன்ல புது உபதேசியார் வர்றாரு. பிள்ளகுட்டிக்காரர், நீங்க இருக்குற உபதேசியார் வீடு அவருக்குத் தேவைப்படும்." நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையை விரித்தார். கூட்டம் சின்னதாகவே இருந்திருந்தால் கோயிலோடு நாமும் போயிருப்போம். பெருகினதால் கோயில் நின்றது, நமக்கு வீடு இல்லை. யாரை நோவது?

பழனியாண்டிக் கங்காணியிடம் கேட்டேன். தொழிலாளர் குடியிருக்கிற மூன்றாம் லயத்தில் கடைசி அறை, அந்தக் காம்பரா காலியாம். கொழுந்தெடுக்கிறவளாக என் பெயரைப் பதிந்தால் தருவார்கள். பதியச் சொல்லிவிட்டேன். நீங்கள் உபதேசியாராக நிமிர்ந்து நடந்த தோட்டத்தில் லயத்துக் காம்பராவுக்குத் திரும்பி வர உங்களுக்கு மனம் வருமா? நோட்டன் பிரிட்ஜில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்பீர்களோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன். நான் இவர்களை விட்டு வரமாட்டேன். உங்களை விட்டும் என்னால் இருக்க முடியாது. பதில் போடுங்கள்.

ரூபவதி


கண்டி,
6.5.1957

என் பிரியமுள்ள ரூபவதிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. உன்மேல் கோபம், போதகர்மேல் கோபம், ஆண்டவர்மேலும் கோபம். மறுநாள் அழகம்மாவின் ஜெபத்தை மறுபடி படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னைப் பார்த்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார், அப்படி அழுதிருக்கிறேன்.

நான் வருகிறேன். லயத்துக் காம்பராவுக்கே வருகிறேன். அடுத்த மாத முதல் வாரம் விடுவார்களாம். அண்ணனுக்கு எழுத வேண்டாம். ஐயாவுக்கு நான் எழுதினது தப்பு. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கடிதத்தில் போதாது.

ஒரு சபைக்கு விசுவாசிகள் என்ன செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பிரசங்கம் பண்ணினேன். வாங்கில் உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்குவதென்று யோசித்துப் பார்த்தேன். வீட்டைக் காலி பண்ணுமுன் சுண்ணாம்பு அடித்துவிடு. கிழங்குப் பாத்தியைப் பிடுங்காதே, பிள்ளைகுட்டிக்காரர் என்கிறாய். அவர்கள் வந்திறங்குகிற அன்று அடுப்பு மூட்டவிடாதே, நம் காம்பராவில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

அப்புறம், அவருடைய முதல் பிரசங்கம். புது ஆள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. கீழே ஒருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஓடிவிடலாமா என்றிருந்தது. யாராவது ஒருவர் முன் வாங்கில் இருந்து 'ஆமாம், சொல்லுங்க' என்பது போலத் தலையாட்டினால் போதும், மனிதன் பிழைத்துக்கொள்வான். அந்த வேலைக்குச் சத்தம் தேவையில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டேன், ஆட்டலாம் என்கிறார்.

முன் வாங்கில் உன் பக்கத்தில் எனக்கு இடம் வை.

உன்,
வேதமாணிக்கம்