நூறு மாத்திரை, நாற்பத்தைந்து நாள்

ஜூன் 3, 2025

இன்று முதல் மாத்திரை. காலை ஐந்தரைக்கு, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன் பிறகு ஒரு மணி நேரம் காபி கூடாதாம். எழுந்ததும் காபி என்று இருபது வருஷம் பழகியவனுக்கு வியாதியைவிட இதுதான் பெரிய தண்டனை.

நாலு மாதமாகவே சரியில்லை. மே மாத வெயிலில் கோழிப் பண்ணையில் எல்லாரும் வியர்த்து வழிகிறார்கள், எனக்குக் குளிர்கிறது. முகம் ஊதிவிட்டது. தீவன மூட்டைமேல் உட்கார்ந்தால் அப்படியே கண் சொருகுகிறது. என் மனைவி சாரதாதான் விடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். தைராய்டு குறைவு என்று வந்திருக்கிறது.

ராசிபுரத்தில் பார்த்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வரைக்கும் போனேன். டாக்டர் தேவிப்ரியா. வெளியே காத்திருந்த பதினோரு பேரில் மீசை வைத்தவன் நான் ஒருவன்தான். பொம்பளைகளுக்கு வருவது எனக்கு ஏன் வந்தது?

தினம் ஒன்று. ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பாட்டிலில் நூறு இருக்கிறது.

ஜூன் 9

ஒரு மாற்றமும் இல்லை. மத்தியானம் முட்டை அறையில் நின்றுகொண்டே தூங்கினேன்.

ஜூன் 14

மூன்றாவது ஷெட்டில் கோழிகள் சுருண்டு நின்றன. நேற்றுக் காலை தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலந்தேன். இன்று முட்டை எண்ணிக்கை ஏறிவிட்டது. நாற்பதாயிரம் கோழிக்கு மருந்து அளந்து கொடுப்பவன் நான். இன்று கொடுத்தால் நாளைக்குத் தெரியும். தெரியவில்லையென்றால் அளவைக் கூட்டுவேன். பதினெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

இந்த டாக்டரம்மா என்னவென்றால் ஆறு வாரம் என்கிறார். ஒரு கோழிக்கு ஆறு வாரம் பொறுங்கள் என்று நான் சொன்னால் முதலாளி என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நாளையிலிருந்து இரண்டு.

ஜூன் 25

இரண்டு போட்டும் பத்து நாளாகிறது. கொஞ்சம் தேவலை போலவும் இருக்கிறது, இல்லை போலவும் இருக்கிறது. எடை எழுபத்தெட்டு கிலோ. இந்த உடம்புக்குக் கடுகளவு மாத்திரை எந்த மூலைக்கு? இன்று மூன்றாகப் போட்டேன். சாரதாவிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரைக் கேட்டீர்களா என்பாள்.

ஜூலை 2

வேலை செய்கிறது! குளிர் போய்விட்டது. நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எட்டு இட்லி சாப்பிட்டும் எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. வாய்தான் கட்டுக்கடங்கவில்லை. முட்டை லாரி டிரைவரிடம் ஒன்றுமில்லாததற்குக் கத்தினேன். அவன் பாவம், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 8

இதை எழுதவே கை வரவில்லை. நிஜமாகவே வரவில்லை, எழுத்து கோணல் கோணலாகப் போகிறது.

பன்னிரண்டு வாரத்துக் கோழிகளுக்கு இன்று தடுப்பூசி. பெண்கள் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து நெஞ்சைக் காட்டி நீட்டுவார்கள், நான் வரிசையாகப் போட்டுக்கொண்டே போவேன். ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு கோழி. இந்த வட்டாரத்தில் என் கைக்கு ஒரு பேர் உண்டு. இன்று முப்பதாவது கோழியிலேயே விரல்கள் ஆட ஆரம்பித்துவிட்டன. ஊசி நழுவிப்போய்க் காளியாத்தாளின் கட்டைவிரலில் கீறிவிட்டது. நல்ல வேளை, மருந்து இறங்கவில்லை. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஐம்பது வயதுக்காரி, நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து கோழி பிடிப்பவள்.

"கை ஏனுங்க சாமி இப்புடி நடுங்குது?" என்றாள்.

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

ஜூலை 9

முதலாளி சுவாமிநாதன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஏதோ காகிதத்தைக் காட்டுவதுபோல் என் முகத்துக்குக் கிட்டே வந்தார். அவர் மூக்கு விரிந்ததைப் பார்த்தேன். மோந்து பாக்கறாரு. என்னைய! ஒரு பொட்டுக் கள்ளுகூடத் தொட்டதில்ல நான்.

"ஏப்பா தயாளா, சாயங்காலத்துல ஏதாச்சும் எடுத்துக்கறயா? இருந்தா சொல்லிப்போடு."

இல்லைங்க என்றேன். கை நடுங்கியது, நெற்றியில் வியர்வை. எவன் நம்புவான்? மிச்சக் கோழிகளுக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறானாம். ஆடி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம்? ஊசி மட்டும் போகுமா, வேலையே போகுமா?

தைராய்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வெட்கம் கெட்ட வெட்கம்.

ஜூலை 12

படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்கிறது. அப்பா நெஞ்சு வலியில் போனபோது அவருக்கு நாற்பத்தொன்பது. எனக்கு நாற்பத்தாறு.

ஜூலை 17

ஆடி ஒன்று. தேங்காய் சுடுகிற நாள்.

பாட்டிலில் இன்று காலை இரண்டுதான் இருந்தன. இரண்டையும் போட்டுக்கொண்டு பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் நெருப்பு. எங்கள் வீட்டில் தேங்காய்க்குப் பூரணம் போடுவது எப்போதும் நான்தான். கண்ணைத் துளைத்து, அந்தச் சின்ன ஓட்டை வழியாக எள்ளும் வெல்லமும் அவலும் பொட்டுக்கடலையும் ஒரு பருக்கை சிந்தாமல் இறக்குவேன். இன்று எள் முழுக்கத் தரையில். மறுபடி முயன்றேன். மறுபடியும் தரையில். சாரதா என் கையிலிருந்து தேங்காயை வாங்கி, தானே நிரப்பி, குச்சியில் சொருகிக் கொடுத்தாள். நெருப்புக்கு மேலே பிடித்தால் அந்தத் தேங்காய் என் கையில் நின்று ஆடுகிறது. பக்கத்து வாசலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவள் எழுந்து உள்ளே போனாள். காலிப் பாட்டிலோடு வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"நூறு மாத்திரைங்க. நாப்பத்தஞ்சு நாளுதான் ஆச்சு. மிச்சம் எங்கீங்க?"

தேங்காயைப் பிள்ளையாருக்குப் படைத்தோம். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோழிக்குக் கூட்டுவதுபோல் கூட்டினேன் என்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அழுதாள். அது திட்டைவிட மோசம்.

ஜூலை 18

ஃபேர்லேண்ட்ஸ். சாரதாவும் வந்தாள், இனி என்னைத் தனியாக அனுப்பமாட்டாளாம்.

நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். துடிப்பு நிமிஷத்துக்கு நூற்றுப் பதினெட்டு. வேகம்தான், இதயத்தில் வேறு கோளாறு இல்லை என்றார் டாக்டர். நடுக்கம், வியர்வை, கோபம், தூக்கமின்மை எல்லாம் நான் அளவுக்கு மீறிப் போட்டதன் வேலை.

"மாத்திரை போடாம விட்டுட்டு வர்றவங்களைத் தினம் பாக்கறேன். போட்டுத் தீத்துட்டு வந்தவர் நீங்கதான்" என்றார். பிறகு, "இன்னைக்குப் பொரிச்ச குஞ்சு எப்ப முட்டை போடும்?" என்று கேட்டார்.

பதினெட்டு, பத்தொன்பது வாரம் ஆகுமுங்க என்றேன்.

"அதுவரைக்கும் தினமும் அதுக்கு அடியில கையை விட்டுப் பாப்பீங்களா?"

இல்லைங்க, தீவனம் வெச்சுட்டுச் சும்மா இருப்போமுங்க என்றேன்.

"அதையே பண்ணுங்க."

பதினெட்டு வருஷ சர்வீஸ். எனக்கே கோழியை வைத்துப் பாடம் எடுக்கிறார்.

எட்டு நாள் மாத்திரையே கூடாது. அதன் பிறகு தினம் ஒன்று. கீழே இறங்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் நெஞ்சு எனக்கு இல்லை. பத்து நாளாக உயில் எழுதுவதுவரை யோசித்திருந்தேன். சந்தோஷத்தில் அழுகை வரும் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. சாரதா யாரும் பார்க்காதபடி முன்னால் நின்றுகொண்டாள்.

ஜூலை 21

முதலாளியிடம் சொல்லச் சொல்லிச் சாரதா நச்சரித்தாள். "குடிகாரன்னு பேரு வாங்கறதுக்கு இது எவ்வளவோ மேலுங்க."

போய்ச் சொன்னேன். மருந்துச் சீட்டையும் காட்டினேன். அது பொம்பளைகளுக்கு வருவதல்லவா என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். சீட்டை இரண்டு தடவை படித்தார். சரி என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஜூலை 26

புதுப் பாட்டில். முதல் மாத்திரை. லேபிளில் சாரதா பேனாவால் ஏதோ எழுதினாள். முடிகிற தேதியாம். பாட்டில் இனி அவள் கண்ணெதிரே, காபித் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆகஸ்ட் 4

விடிய விடியத் தூங்கினேன். மூச்சு இருக்கிறதா என்று சாரதா என் மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம்.

ஆகஸ்ட் 19

டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, கையில் பிடித்து, வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நடந்து பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. திரும்பியும் நடந்தேன். முட்டை லாரி டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு எதற்கு என்றே ஞாபகம் இல்லை. ஒன்றரை மாதம் இதை நினைத்து நான்தான் வெந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16

அடுத்த பேட்ச் கோழிகளுக்குத் தடுப்பூசி. வெளி ஆள் வருவான் என்று காலையிலிருந்து ஷெட்டுக்கு வெளியிலேயே நின்றேன். யாரும் வரவில்லை. முதலாளி ஊசியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

எல்லாரும் சும்மா நிற்கிறார்கள். காளியாத்தாள்கூடக் கோழியைப் பிடிக்கவில்லை. கட்டைவிரலை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்லமுடியாது.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். கூண்டைத் திறந்து தானே ஒரு கோழியைப் பிடித்தார். பழக்கமில்லாத பிடி. ஊசி இறங்குகிற இடத்துக்கு வெகு கிட்டே அவருடைய கட்டைவிரல் இருந்தது. கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள் என்றேன்.

"இருக்கட்டும். போடு" என்றார்.

போட்டேன். இரண்டாவதையும் அவரே பிடித்தார். போட்டேன். மூன்றாவதற்குக் குனிந்தபோது காளியாத்தாள் அவரைத் தோளால் இடித்துத் தள்ளினாள்.

"நகருங்க சாமி. உங்க புடிக்குக் கோழி செத்துப்போயிரும்."

மத்தியானத்துக்குள் ஆயிரத்து எண்ணூறு. என் கை எனக்கே திரும்பிக் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 7

ரத்தப் பரிசோதனை. கிட்டத்தட்ட சரியான அளவுக்கு வந்துவிட்டதாம். தினம் ஒன்று, அப்படியே தொடரட்டும் என்றார் டாக்டர். வெளியே இன்று மீசைக்காரர் இன்னொருவர் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானும் தைராய்டுக்குத்தான் வந்தேன் என்றேன். நாமக்கல் பக்கத்துக்காரர். அரை மணி நேரம் பேசினோம்.

நவம்பர் 2

காலை ஐந்தரை. பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒன்றே ஒன்று விழுந்தது. போட்டுக்கொண்டேன். சாரதா பாட்டிலை வாங்கி, லேபிளைக் காலண்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் கையெழுத்தில் ஜூலையிலேயே எழுதியிருந்தது: நவம்பர் 2.

பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டாள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து, டம்ளர் விளிம்புவரை ஊற்றிக் காபி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.