பாய்மரம் ஏறமாட்டேன் என்றவன்

வெள்ளி

அப்பு, காலையில் தூறல். பல்லாவரம் சந்தையில் கருவாட்டுக்கு பிளாஸ்டிக் ஷீட் போடுவதும் எடுப்பதுமாகவே பொழுது போயிற்று. நெத்திலி பெரும்பாலும் விற்றுவிட்டது. வாளை அப்படியே தேக்கம்.

ஸ்டீபன் போன் பண்ணினான். உன்னோடு கப்பலில் இருந்தானே, காசிமேட்டுப் பையன். "அம்மா, நம்ம கப்பல் மெட்ராஸ் வந்துகீது. வெளிநாட்டு பாய்க்கப்பலுங்க கூட ஒண்ணா நிக்குது. ஞாயித்துக்கெயம பப்ளிக்க வுடுவாங்கோ. வாம்மா, நான் கேட்டாண்ட நிக்கிறேன்."

பார்க்கலாம் என்றேன். பக்கத்துப் பூக்கடை மல்லிகா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "போவாத யக்கா. போய் அயுதுகினு வருவ. இன்னா கீது அங்க?"

அடுப்பு இருக்கிறது. நீ சமைத்த அடுப்பு. ஒரு தடவை பார்த்தால் போதும்.

சனி

நல்ல வெயில். துணி துவைத்தேன்.

என் அப்பாவைக் கொண்டுபோன கடல். நேவியில் உன்னைப் பாய்க்கப்பலில் போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்று, உன் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். பாய்மரத்தில் ஏறக் கூடாது என்று. "நான் இன்னாத்துக்குமா ஏறப்போறேன்? எனக்கு சமையல் டூட்டி" என்றாய். கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை. லீவில் வந்த இடத்தில், மேடவாக்கம் ரோட்டில், பைக். ஆடி வந்தால் ஒரு வருஷம்.

நெத்திலிப் பொடி இடித்தேன், கப்பல் சமையல்காரர்களுக்கு. பூண்டு கொஞ்சம் தூக்கல்.

ஞாயிறு

ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை. துறைமுகத்தில் கூட்டமோ கூட்டம். கப்பலுக்குக் கப்பல் கொடி. மைக்கில் ஒருவர், மெஷின் வருவதற்கு முன்னால் சண்டைக்கே பாயை நம்பித்தான் போனார்கள், சோழ ராஜா படை கடாரம் போனதும் இப்படித்தான் என்றார். அந்தப் படையில் போனவர்களின் அம்மாக்கள் என்னென்ன சத்தியம் வாங்கினார்களோ.

படி ஏறும்முன் செருப்பைக் கழற்றினேன். நம் ஆட்கள் படகில் செருப்போடு ஏறுவார்களா? பின்னால் ஒரு அம்மா, "இது கோயில் இல்லீங்க" என்று சிரித்தார். பலகை சுட்டது. ஸ்டீபன் சிரிக்கவில்லை.

"அவனும் இப்டித்தாம்மா. மொத நாளு பூட்ஸ கயட்டி கைல புடிச்சிகினு ஏறுனான். ஆபீசர் கத்துனாரு பாரு! ஒரு வாரம் அவன 'சாமி'ன்னே கூப்ட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாசத்துக்கு அப்புறம்.

ஆபீசரிடம் கேட்டுவிட்டு சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனான். சமையல்காரர் கையில் பொடி டப்பாவைக் கொடுத்தேன். என் பையன் நின்ற இடம் எது என்று கேட்டேன். அவர் ஸ்டீபனைப் பார்த்தார். ஸ்டீபன் தரையைப் பார்த்தான்.

"இங்க துன்றதுக்கு மட்டும்தாம்மா வருவான். அவன் எடம் மேல."

வெளியே வந்து காட்டினான். நடு மரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, குறுக்குக் கட்டை. அண்ணாந்து பார்த்தேன். ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

"மொத ஆளா ஏறுவான். காத்தடிச்சா நாங்க கீயயே கயித்த புடிச்சிகினு நிப்போம். அவன் மேல குந்திகினு பாடுவான். எறங்குடான்னா எறங்க மாட்டான்."

திங்கள்

மேகமூட்டம். உள்ளங்காலில் கொப்புளம்.

மல்லிகா: "இன்னாக்கா, அடுப்ப பாத்தியா?"
பார்த்தேன்.
"அயுதியா?"
இல்லை.
இரண்டும் நிஜம்தான்.

நேற்று ரயில் முழுக்கக் கோபம். பொய்ச் சத்தியம் பண்ணினால் யார் தலையில் கை வைத்தோமோ அவர்களுக்குத்தான் ஆகும் என்பார்கள். எனக்கு இந்தக் கொப்புளம் தவிர ஒன்றும் ஆகவில்லை. இன்று வாளையைத் திருப்பிக் காயப் போடும்போது பார்த்தால் கோபத்தைக் காணவில்லை. ஏறியிருக்கிறாய். பாடியிருக்கிறாய். விழவில்லை, ஒரு தடவை கூட.

ஸ்டீபனுக்கு போன் போட்டு ஒன்று கேட்டேன். தெரியாதாம். பாதி மரத்துக்கு மேல் அவன் போனதே இல்லையாம்.

இறங்கச் சொன்னாலும் இறங்காமல், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து எதைடா அப்பு பார்த்துக்கொண்டிருந்தாய்?