பால் கட்டி என்று நினைத்தோம்

அக்கா,

நேற்றுக் காலை காளவாசலில் உன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைக்கும்போதே மல்லிகை வாசம். கோயிலுக்குக் கிளம்புகிறார்கள் போல என்று நினைத்தேன். உள்ளே போனால், அவள் மாமியார் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த நாலு முழம் பூவை என் கையில் கொடுத்தார். "பய பாலை மறந்துட்டான். இவளுக்குக் கட்டிக்கிட்டு நிக்குது. மாருல வச்சுக் கட்டி விடுங்க, வத்திரும்" என்றார். பூவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பதே பெரும்பாடு. பழைய நோட்டில் மிஞ்சிய தாள்களில் எழுதுகிறேன். படிக்க ஆளில்லாத கடிதத்துக்கு இது போதும் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

உன் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் விளாங்குடிக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. மாமியார் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன். வைகையில் குளிக்க இறங்கிவிட்டால் 'நீ'. அந்த ஆற்று மணலில்தான் நாம் அக்கா தங்கை ஆனோம். சேலையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்போம், அந்தக் கட்டோடேயே மஞ்சள் பூசுவோம், அதன்மேலேயே மாற்றுச் சேலையைச் சுற்றிக்கொண்டு கரையேறுவோம். மூன்று பிள்ளை பெற்ற உனக்கு உன் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. எனக்கும்தான்.

நீ கடைசிப் பிள்ளைக்குப் பால் நிறுத்தி நாலைந்து மாதம் இருக்கும். ஒருநாள் உனக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். கை வழுக்கி இடது பக்கம் போனபோது, புளியங்கொட்டை மாதிரி ஒன்று விரலில் தட்டியது. அழுத்தினால் நகரவில்லை.

"என்னக்கா இது?"

"பால் கட்டிடி. மிச்சம் நின்னிருக்கும். விடு, கூச்சமா இருக்கு."

"வலிக்குதா?"

"கொஞ்சங்கூட வலிக்கல. வலிச்சா சொல்ல மாட்டனா? இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா?"

வலிக்கவில்லை என்றதும் எனக்கும் நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

மாமியாரிடம் சொன்னோம். பூ வைத்துக் கட்டச் சொன்னார். நானேதான் கட்டினேன், அக்கா. நம் கொல்லைச் செடியிலேயே பறித்து, நெருக்கமாகத் தொடுத்து, மாரில் வைத்துப் பழைய வேட்டித் துணியால் இறுக்குவேன். வாடினால் புதுப் பூ. சித்திரையில் ஆரம்பித்தது ஆடி வரை நடந்தது. "உங்க அண்ணன் எனக்கு ஒரு நாளும் இம்புட்டுப் பூ வாங்கித் தந்ததில்லடி" என்று சொல்லிச் சிரித்தாய். என் புருஷனின் அண்ணனை நீ அப்படித்தான் என்னிடம் குறிப்பிடுவாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பால் கட்டினால் நெறி கட்டும், தொட விடாது, காய்ச்சல் காயும். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் பால் என்று நாம் ஒரு பேர் வைத்துவிட்டோம். வைத்த பேரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அது சத்தம் போடாமல் வளர்ந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டபோது, "வெக்கப்பட்டு ஒளிஞ்சுக்கிருச்சு" என்றாய். தோல் நாரத்தங்காய்த் தோல் போலக் குழி குழியாக ஆனது. பூவும் துணியும் அழுத்திய தடம் என்று நான் சொன்னேன். ரவிக்கையில் ஒரு சொட்டு ரத்தக் கறை பட்டதை நீ தனியாகத் துவைத்துக் கொடியின் உள்பக்கம் காயப்போட்டாய். எனக்கு அது தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தேன். அதை எப்படிக் கேட்பது என்று கூச்சம்.

கார்த்திகையில் உன் இடது கை வீங்கி வளையல் ஏறவில்லை. அப்புறம்தான் வண்டி கட்டி டவுனுக்குப் போனோம். பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் அக்குளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"எத்தனை மாசமா இருக்கு?"

"எட்டு மாசம்."

"சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா அறுத்து எடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப கைக்கடியில பரவிருச்சு."

"வலி இல்லைன்னு இருந்துட்டோம்மா."

"வலிக்குதா வலிக்கலையான்னு பாக்கக் கூடாது. இல்லாத ஒண்ணு புதுசா இருந்தா வந்து காட்டணும்."

இந்த ஒரு வாக்கியத்தை அந்தச் சித்திரையில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அடுத்த பங்குனியில் நீ போய்விட்டாய். போவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அழாத. நாம ரெண்டு பேரும் சேந்துதாண்டி ஏமாந்தோம்" என்றாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். ஆற்றுப் பக்கம் போனால் இன்றும் முதுகு தேய்க்க உன்னைத்தான் தேடுகிறேன்.

நேற்று நான் பூவைக் கட்டவில்லை. உன் மகளை அறைக்குள் கூட்டிப்போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ரவிக்கையைக் கழற்றச் சொன்னேன். "பகல்லயா சின்னம்மா?" என்று கூனிக் குறுகினாள். பகலில்தான் கண் தெரியும் என்றேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா, தோல் சுருங்கியிருக்கிறதா, காம்பு உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தேன். வலது பக்கம் ஓரிடம் கெட்டியாக இருந்தது. தொட்டதும், "அய்யோ சின்னம்மா" என்று கத்தினாள். அந்த அலறல் எனக்கு அம்புட்டு ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இப்போது வேறு டாக்டரம்மா. நன்றாகப் பார்த்துவிட்டு, "பால்தான், பயப்படாதீங்க. பத்து நாள்ல கரையலைன்னா திரும்ப வாங்க" என்றார். நான் அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் உன் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அவள் மாமியார் அடுப்படியிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி, "பட்டப்பகல்ல அவுத்துப் பாக்குறதாம், ஊருக்கெல்லாம் காட்டுறதாம். வெக்கங்கெட்ட பொம்பள" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. துறையில் குளிக்க வரும் பெண்களிடம், மாரில் புதுசாக ஏதாவது தட்டுகிறதா என்று நான் கூசாமல் கேட்பதற்கு விளாங்குடியில் எனக்கு எப்போதோ அந்தப் பேர் வந்துவிட்டது. அந்த வருஷம் நம் இரண்டு பேரில் ஒருத்தியாவது வெட்கங்கெட்டவளாக இருந்திருக்கலாம், அக்கா.