ஜன்னல் வழியாகப் போட்ட பை

செப்டம்பர் 8, திங்கள்

திரையில் இன்றும் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திதான். வீட்டு லேப்டாப்பில் சமர்த்தாக ஓடுகிற என் நிரல், கம்பெனி கம்ப்யூட்டரில் முதல் வரியிலேயே படுத்துவிடுகிறது. உதிரிபாகங்களை அளவெடுக்கும் மெஷின் தருகிற நூற்று நாற்பது எண்களைப் படித்து, தர அறிக்கையை அதுவே எழுதித் தரவேண்டும். இப்போது நான் ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன். அரை நாள் போய்விடுகிறது.

18ஆம் தேதி வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். சூப்பர்வைசர் ஜெபகுமார் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். "அன்னிக்கி இது ஓடிச்சின்னா பெர்மனென்ட்டுக்கு உன் பேர நானே எழுதித் தரேன். ஓடலன்னா காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடிஞ்சிடும் லோகநாயகி. அப்பறம் நான் இன்னா பண்றது?"

ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள் நான். மறுபடி வீட்டுக்கா? மாட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையில் where python என்று கேட்டால், என் நிரலை ஓட்டுகிற பைத்தான் மென்பொருள் ஒன்றல்ல, இரண்டு வருகிறது. ஒன்று பத்து வருடத்துக்கு முன்னால் மெஷினோடு வந்த கிழடு. மற்றது போன மாதம் நான் போட்டது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் விண்டோஸ் PATH என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதை எழுப்பிவிடும். கிழடு முன்னால் இருக்கிறது. என் நிரலின் பாஷை அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

என் பட்டியலைத் திறந்து புதியதை உச்சியில் ஏற்றினேன். திரையை மூடித் திறந்தேன்.

கிழடுதான் வந்தது.

செப்டம்பர் 10, புதன்

மூன்று முறை ஏற்றி இறக்கினேன். உச்சியில்தானே இருக்கிறது? பிறகு ஏன்?

செப்டம்பர் 11, வியாழன்

எனக்குப் புத்தி கெட்டுப்போயிருந்தது. கிழட்டு ஃபோல்டரின் பேரையே மாற்றிவிட்டேன். என் நிரல் ஓடியது. நாற்காலியிலேயே குதித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மெஷின் ஓட்டுகிற பிரதீபா ஓடி வந்தாள். "யக்கா, மெஷினு அப்டியே நின்னுட்ச்சி!"

அந்த மெஷினுக்குக் கிழடு இல்லாமல் ஆகாதாம். அவசரமாகப் பழைய பேரை வைத்தேன். அதற்குள் ஜெபகுமார் வந்துவிட்டார். "இன்னாம்மா பண்ணி வச்சிகீற? லைனே நிக்கிது! இனிமே அந்த கம்ப்யூட்டர்ல ஒரு செட்டிங்ல கை வைக்கக் கூடாது, ஆமா."

பாத்ரூமில் போய் அழுதேன். எல்லார் எதிர்லயும் கத்தணுமா? நான் என்ன விளையாடிக்கிட்டா இருந்தேன்?

இன்னும் ஏழு நாள். கையும் கட்டியாகிவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

இதை ஆற அமர எழுதவேண்டும்.

சாயங்காலம் கேட் வாசலில் மாமல்லபுரம் போகிற கம்பெனி பஸ். வழக்கம்போல இரண்டு வரிசை. பெர்மனென்ட்காரர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காண்ட்ராக்ட் வரிசை நகரும். இன்று காண்ட்ராக்டில் முதல் ஆள் நான். இருந்து என்ன? கடைசியாக ஓடி வந்த பெர்மனென்ட்கூட எனக்கு முன்னால் ஏறினார்.

அங்கேயே நின்றுவிட்டேன். கம்ப்யூட்டரிலும் இரண்டு பட்டியல்! சிஸ்டத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சிஸ்டத்தின் பட்டியல் முழுக்க முடிந்த பிறகுதான் என்னுடையது. அதன் உச்சியில் ஏறி என்ன பிரயோஜனம்?

பின்னாலிருந்து தள்ளினார்கள். பிரதீபா எப்போதோ ஜன்னல் வழியாக எங்கள் சாப்பாட்டுப் பைகளைப் போட்டு இடம் பிடித்திருந்தாள். "எதுக்கு முழிச்சிகினு நிக்கிற? பைய போட்டாச்சி, வா!"

செங்கல்பட்டு ஏரி தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். சிஸ்டம் பட்டியலை நான் ஏன் தொடவேண்டும்? இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் ஒரு பையைப் போட்டால் போதாதா?

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. போதும்.

செப்டம்பர் 15, திங்கள்

ஒரே வரி! என் நிரலைக் கிளப்பிவிடும் சின்னக் கோப்பின் தலையில் set PATH என்று தொடங்கி, முதலில் என் ஃபோல்டர், அதன் பின்னால் பழைய பட்டியல் அப்படியே. அந்தத் திரை இருக்கும்வரை மட்டும் என் பைத்தான் முன்னால். மூடினால் எல்லாம் பழையபடி.

ஓட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நூற்று நாற்பது எண்ணும் அறிக்கையில். பக்கத்தில் மெஷினும் ஜம்மென்று ஓடுகிறது. பிரதீபாவைக் கட்டிக்கொண்டு கத்திவிட்டேன்.

ஜெபகுமார் சந்தேகமாக எட்டிப் பார்த்தார். "இன்னாத்த மாத்தின?"

"ஒரு செட்டிங்கையும் தொடலை சார். என் கோப்புல ஒரு வரி சேத்தேன். உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். நான்கு தடவை ஓட்டச் சொன்னார். நான்கு தடவையும் ஓடியது. ஹா!

செப்டம்பர் 18, வியாழன்

தணிக்கைக்கு வந்தவர்கள் தாங்களே ஒரு உதிரிபாகத்தை எடுத்துக் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். அறிக்கை வந்ததும் யார் எழுதிய நிரல் என்று கேட்டார்கள். ஜெபகுமார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க லோகநாயகி" என்றார். எங்க! போன வியாழக்கிழமை எங்கே போனாராம் இந்த மனிதர்?

சந்தோஷமாக இருக்கிறது. ரொம்ப.

செப்டம்பர் 26, வெள்ளி

பெர்மனென்ட் கடிதம் இன்னும் வரவில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

வந்துவிட்டது. பெர்மனென்ட். நாலு தடவை படித்தேன்.

சாயங்காலம் முதல் வரிசையில் நின்று ஏறினேன். இரண்டாவது சீட், ஜன்னலோரம். உட்கார்ந்த கையோடு பையைப் பக்கத்து இடத்தில் வைத்தேன். ஒருவர் வந்து "ஆள் வராங்களா?" என்று கேட்டார். "வராங்க" என்றேன்.

வெளியே காண்ட்ராக்ட் வரிசையின் கடைசியில், பையைக் கையில் வைத்துக்கொண்டு பிரதீபா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை நீட்டி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்:

"எதுக்கு முழிச்சிகினு நிக்கிற? பைய போட்டாச்சி, வா!"