மீசை வைத்த டீசல் எஞ்சின்

அன்புள்ள மகனுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே அம்மா சுகம், உன் தங்கை தேவைக்கு அதிகமாகவே சுகம், நான் வலது கை ஒன்றைத் தவிர மற்றபடி முழு சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கை விஷயத்தை அம்மா போனில் பெரிதாக்கிச் சொல்லியிருப்பாள், நம்பாதே, நீ அனுப்பிய படங்கள் வந்த அன்று கண்ணாடி அலமாரி மேலே தூசி தட்ட முக்காலியில் ஏறினேன், கால் இடறியது, மாவுக்கட்டு இன்னும் மூன்று வாரம். (அண்ணா, எழுதுவது நான்தான், உன் வாலு. முப்பது வருஷமாகப் பன்னிரண்டு மாடி லிஃப்ட்டையெல்லாம் பழுது பார்த்தவர் ஒன்றரை அடி முக்காலியிலிருந்து தரைத்தளத்துக்கு நேரடி சர்வீஸில் வந்துவிட்டார். அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அப்பாவுக்குத் தெரியாது.)

நீ வாங்கிய டீசல் எஞ்சின் பொம்மையின் ஆறு படங்களையும் பார்த்தேன். பழைய சாமான் கடையில் கிடைத்தது, பச்சை உடம்பு மஞ்சள் பட்டை, நாம வச்சிருந்த அதே மாடல்தானேப்பா, பார்சல் போட்டுடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தால் நீயும் நானும் சாப்டியா, சாப்டேன் என்பதைத் தாண்டுவதில்லை, உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறோம், அதனால்தான் கடிதம். இனிமேல் பழைய எஞ்சின் எதை வாங்கினாலும் பெட்டியைப் பார்த்து மயங்காதே, பெட்டி பழையதாக இருப்பதால் உள்ளே இருப்பதும் பழையதாகிவிடாது. கையில் எடுத்ததும் கனம் தெரிய வேண்டும், மேல்கூடு பிளாஸ்டிக்தான், ஆனால் அந்தக் காலத்து அடிச்சட்டம் வார்ப்பு உலோகம். கவிழ்த்துப் பார், சக்கரத்தின் விளிம்பு பழையதில் தடித்து ஆழமாக இருக்கும், பிறகு வந்தவற்றில் மெலிந்துவிட்டது. பக்கவாட்டு எண்ணை நகத்தால் லேசாகத் தடவு, கம்பெனியில் அச்சிட்டது வழவழவென்று போகும், யாராவது வீட்டில் எழுதியது தடுக்கும். கடைக்காரர் நல்லா ஓடும் சார் என்றால் தலையாட்டாமல் ஓட்டிக் காட்டச் சொல். பல் கட்டும் லேபில் வேலை செய்கிறவன் பல்சக்கரத்தைப் பார்க்காமல் வாங்கலாமா? (இந்த வரி சத்தியமாக அப்பாவுடையது. என் கோளாறு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?)

இப்போது உன்னுடையதற்கு வருகிறேன். (இந்த இடத்தில், அசல்தான், நல்லா வாங்கியிருக்கே என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அடிக்கச் சொன்னார். மறுபடி எழுதச் சொல்லி மறுபடி அடிக்கச் சொன்னார். மேலே இருக்கும் கிறுக்கல் அதுதான்.) உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனம் விட்டுவிடாதே. நாலாவது படத்தில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், மேல்கூட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் துளையை மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள். நம் மாடலில் மேல்கூட்டையும் அடிச்சட்டத்தையும் ஒரே ஒரு திருகாணிதான் சேர்த்துப் பிடித்திருக்கும், அதன் துளை அது. உன்னுடையதில் திருகாணி இல்லை, அடியில் இருப்பது பல வருஷம் கழித்து வந்த, கிளிப்பில் மாட்டுகிற சட்டம். கூடு அசல், அடி வேறு. யாரோ இரண்டு எஞ்சின்களுக்குப் பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள். அது உன் தப்பில்லை, பழகின கண்ணே ஏமாறும். எனக்கு வருத்தம் வேறு. ஒன்பது வருஷமாக நீ கடை கடையாக இதைத் தேடியிருக்கிறாய் என்று அம்மா இப்போதுதான் சொன்னாள். அன்றைக்கு நீ நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் போட்டுத் துடைத்து நம் பழைய எஞ்சினின் முகத்தை உருக்கியபோது நான்

அண்ணா, இங்கே பேனா நின்றுவிட்டது. ஏம்மா நிறுத்திட்டே, மை தீர்ந்துடுச்சா என்று அப்பா கேட்டார். மை தீரவில்லை, பொய்தான் தீர்ந்துவிட்டது, அதனால் அடைப்புக்குறி போடாமலே எழுதுகிறேன். அவரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் சிவப்பு நகப்பூச்சால் எஞ்சினுக்கு மீசை வரைந்தது நான், அழிக்கப் போய் மூக்கோடு சேர்த்து உருக்கியதும் நான், அப்போது எனக்கு ஏழு வயசு. நீ ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கினாய், அப்பா உள்ளே வந்தபோது அது உன் கையில் இருந்தது, நான்தாம்பா என்றாய். அப்பா உன் கன்னத்தில் ஒன்று வைத்தார், அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டையும் பார்த்தேன். ஊரையே ஏமாற்றிவிட்டுச் சிரிக்கிற எனக்கு இந்த ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல வரவே இல்லை. அப்பா திட்டவில்லை. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, எழுதும்மா, நான் சொல்றதை ஒரு எழுத்து மாத்தாம எழுது என்றார்.

மகனே, அன்றைக்கு உன்னை அடித்தது தப்பு. நீ செய்திருந்தாலும் தப்பு, செய்யாதபோது இரட்டைத் தப்பு. லிஃப்ட் நின்றுபோனால் பன்னிரண்டு மாடியும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் கோளாறு எங்கே என்று சொல்வேன், உன் விஷயத்தில் கதவைத் திறந்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். உருகின எஞ்சினை நான் தூக்கிப் போடவில்லை, அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கூடுதான் போயிற்று, அடிச்சட்டம் திருகாணியோடு அப்படியே இருக்கிறது. உன்னிடம் சரியான கூடு, என்னிடம் சரியான அடி. பார்சலில் அனுப்பாதே, இருபது வருஷமாகப் பார்சல் கவுன்டரில் உட்காரும் உன் அம்மா, உடையும் பொருள்னு எழுதினா அதைத்தான் முதல்ல வீசுவாங்க என்கிறாள். நீயே கையில் எடுத்து வா. மூன்று வருஷமாக லீவு இல்லை என்கிறாய், நானும் வா என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என் கை கட்டில் இருக்கிறது, திருகாணி முடுக்க ஒரு கை வேண்டும். (என் இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன, ஆனால் இனி நான் எஞ்சினுக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டுமாம்.)

லேபில் தூள் பறக்கும்போது முகமூடி போட்டுக்கொள், கண்ணைப் பார்த்துக்கொள். எங்கள் ஆசி எப்போதும் உன்னைச் சுற்றியே இருக்கும், நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும். ஒன்றை மறந்துவிடாதே, இந்த உறைக்குள் அலமாரிச் சாவியை வைத்திருக்கிறேன். அதற்கு நகல் கிடையாது. நீ வந்து திறக்கும் வரை அலமாரி பூட்டியே இருக்கும்.

அன்புடன்,
அப்பா

(கோணல்மாணலாக இருக்கும் அந்தக் கையெழுத்து என் குறும்பு இல்லை அண்ணா. பேனாவைப் பிடுங்கி, இடது கையால் அவரே போட்டது.)