தஞ்சாவூரில் ஒரு தொட்டபெட்டா

இந்தச் சமவெளியில் மேடென்று இருப்பது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். அதையே முந்நூற்று முப்பது முறை சைக்கிளில் ஏறினால் தொட்டபெட்டா உயரம் ஆகிவிடாதா? தை மாதப் பனியில் வயலெல்லாம் மேகத்துக்குள் கிடந்தது. இன்னும் பத்து ஏற்றம்தான் பாக்கி என்று பிரின்ஸி நினைத்துக்கொண்டாள். நாளை முதல் பாலத்தில் நெல் காயப்போட்டுவிடுவார்கள். சைக்கிள் போக வழியிருக்காது. கிளம்புமுன், தூங்கும் கணவனுக்குச் சீட்டு எழுதினாள்:

"இட்லி மாவு வெளிய எடுத்து வச்சிருக்கேன். அத்தை எட்டு மணி மன்னார்குடி பஸ்ல வர்றாங்க, நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. அவங்க காபிக்குச் சர்க்கரை வேண்டாம்."

அடியில் நெருக்கி எழுதினாள்:

"'எங்கம்மா வர்ற அன்னிக்காவது தஞ்சாவூர்ல மலை ஏறாம இரேன்'னு நேத்து கேட்டீங்க. கோபமெல்லாம் இல்லைங்க. போயிட்டு வர்றேன்."